பிரான்சில் பிறந்து தி.நகருக்கு வந்த 'இன்புட்'

உஸ்மான் ரோட்டிலோ மயிலாப்பூர் மாட வீதியிலோ எந்தக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் "இன்புட்" என்ற சொல் வந்துவிடும். "இன்புட் வரலை சார்", "இன்புட் மாட்டிக்கிச்சு", "ஆடிட்டர் இன்புட் எடுக்க மறந்துட்டார்." அரசுத் தமிழில் இதற்கு 'உள்ளீட்டு வரி வரவு' என்று பெயர். அந்தப் பெயரில் இதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மத்திய கலால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வுபெறும் வரை இந்த இன்புட்டின் காகிதங்களோடுதான் என் காலம் போயிற்று. அதனால் இதன் கதையை எழுதுவதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நம் ஊர் வணிகரைப் பாடாய்ப் படுத்தும் இந்தச் சரக்கு பிரான்சில் செய்தது.

முதலில் விஷயம் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒருவர் 100 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறார், வரி 10 ரூபாய். அதை 150 ரூபாய்க்கு விற்கிறார், வரி 15 ரூபாய். அரசாங்கத்துக்கு 15 ரூபாயையும் கட்ட வேண்டியதில்லை. வாங்கும்போது கொடுத்த 10 ரூபாயைக் கழித்துக்கொண்டு 5 ரூபாய் கட்டினால் போதும். அந்த 10 ரூபாய்தான் இன்புட். இந்தக் கழிவு இல்லாவிட்டால் வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் இன்னொரு வரி என்று ஏறிக்கொண்டே போய் எல்லாம் கடைசியில் வாங்குபவர் தலையில் இறங்கும்.

நம் மாகாணத்தில் 1939-இல் ராஜாஜி கொண்டுவந்த பொது விற்பனை வரி அப்படி ஏறும் வரிதான். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டக் கொண்டுவந்தது. பலமுனை வரி, அதாவது சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வரி. விகிதம் மிகக் குறைவு என்பதால் அப்போது அதிகம் உறைக்கவில்லை. பிற்காலத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு ஒருமுனை வரி வந்தது. ஆனால் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு நம் ஊரில் நெடுங்காலம் இல்லை.

அந்த ஏற்பாட்டை முழுமையாக வகுத்தவர் மோரிஸ் லோரே. 1917-இல் மொராக்கோவின் மராக்கேஷில் பிறந்தவர், பிரெஞ்சு நிதித்துறை அதிகாரி. பிரான்சில் 1936 முதல் உற்பத்தி வரி ஒன்று இருந்தது. 1948-இல் அதில் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்க அனுமதித்தார்கள். இயந்திரம் வாங்கினால் கழிவு கிடையாது. இயந்திரத்துக்கும் கழிவு கொடுத்தால்தான் போரில் இடிந்துபோன தொழில்கள் எழும் என்பது லோரேயின் வாதம். 1954 ஏப்ரல் 10-ஆம் தேதிச் சட்டத்தில் அது நடந்தது. தாக்ஸ் சூர் லா வலர் அஜூதே, சுருக்கமாக தே-வே-ஆ. கூட்டிய மதிப்பின் மீதான வரி. அதே 1954 நவம்பரில்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தே-வே-ஆவை விட்டுச் செல்லவில்லை. அது நம்மிடம் வந்து சேர இன்னும் 32 வருடம் ஆயிற்று.

ஒரு விவரத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 1954-இல் பிரான்சிலும் சேவைகளுக்குத் தனி வரி இருந்தது, தே-வே-ஆ அதைத் தொடவில்லை. சேவை வரியையும் சில்லறை வியாபாரத்தையும் உள்ளே கொண்டுவந்த சட்டம் 1966-இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சரக்குக்கும் சேவைக்கும் நடுவே நின்ற சுவரை இடிக்க அவர்களுக்கே 14 வருடம் பிடித்தது. நமக்கு எவ்வளவு பிடித்தது என்று பிறகு பார்ப்போம்.

இந்தியாவில் எல்.கே. ஜா தலைமையிலான மறைமுக வரி விசாரணைக் குழு 1970-களின் பிற்பாதியில் இதைப் பரிந்துரைத்தது. வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1986 மார்ச் 1 முதல் 'மாட்வாட்' என்ற பெயரில் வந்தது. தொழிற்சாலைகளின் கலால் வரிக்கு மட்டும், அதுவும் மூலப்பொருளுக்கு மட்டும். இயந்திரங்களுக்கு 1994-இல்தான் கொடுத்தார்கள். லோரே நடந்த அதே வழியில், அதே வரிசையில் நாமும் நடந்திருக்கிறோம்.

மாட்வாட் என்றதும் எனக்கு நினைவு வருவது ஆர்.ஜி. 23ஏ என்ற ரெஜிஸ்டர். முதல் பகுதியில் சரக்குக் கணக்கு, இரண்டாம் பகுதியில் வரவுக் கணக்கு. கம்பெனிக்காரர்கள் மாதா மாதம் நகலையும் பில்களையும் கட்டாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். 1994-இல் கேட் பாஸ் போய் இன்வாய்ஸ் வந்தது. அதில் பல பிரதிகள். வரவு எடுக்க வேண்டியது லாரியோடு வரும் இரண்டாம் பிரதியை வைத்து. அது வழியில் தொலைந்தால் முதல் பிரதியை வைத்து எடுக்கலாம், ஆனால் உண்மையிலேயே தொலைந்ததுதான் என்று அசிஸ்டென்ட் கமிஷனருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

1996 என்று நினைவு. பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைக்காரர் ஒருவர் முதல் பிரதியோடு வந்தார். இரண்டாம் பிரதி லாரி டிரைவரிடம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. வரி 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சரக்கு வந்திருக்கிறது, விற்றவர் வரி கட்டியிருக்கிறார், எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. நான் ஃபைலை மூன்று முறை மேலே அனுப்பினேன். மூன்று முறையும் புதிதாக ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. டிரைவரின் வாக்குமூலம் எங்கே என்று ஒரு தடவை கேட்டிருந்தது. பதினோரு மாதம் ஓடிற்று. அதுவரை அவர் அந்தத் தொகையைக் கையிலிருந்து ரொக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இது எங்க பட்டறையில ஆறு பேரோட மாசச் சம்பளம்" என்றார் ஒரு நாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். கடைசியில் அவருக்கு வரவு கிடைத்தது.

இனி சேவை வரிக்கு வருகிறேன். ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு சேவைகளையும் வரிக்குள் கொண்டுவரச் சொன்னது. செல்லையா நம் ஊருக்கு வேண்டியவர். கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அவர் முயற்சியில் உருவானது. 1994 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் டெலிபோன், பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்ற மூன்றே மூன்று சேவைகளுக்கு 5 சதவீதம் போட்டார். ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு வருடா வருடம் பட்டியல் நீண்டது. ஆனால் இன்புட் கிடையாது. கொடுத்த வரி கொடுத்ததுதான்.

1997 ஜூலையில் கல்யாண மண்டபங்களும் பட்டியலில் சேர்ந்தபோது மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எழுந்த புலம்பல் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு கல்யாண மண்டப சங்கம் கோர்ட்டுக்குப் போனது. இது நிலத்தின் மீதான வரி, சாப்பாட்டு விற்பனையின் மீதான வரி, இரண்டும் மாநிலத்தின் அதிகாரம், மத்திய அரசு எப்படிப் போடலாம் என்பது அவர்கள் வாதம். நம் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2004-இல் உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை. மண்டபம் கொடுப்பது சேவைதான் என்று முடிந்தது. சேவை வரிச் சட்டத்தைப் பற்றி எங்கே வாதாடினாலும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது. நம் ஊர் மண்டபக்காரர்கள் தோற்று நாட்டுக்கே முன்னுதாரணம் தந்தார்கள்.

மண்டபமே சாப்பாடும் போட்டால் பில்லில் 60 சதவீதத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. எது சாப்பாடு என்று அரசு அறிவிக்கை ஒன்றில் விளக்கமே எழுதினார்கள்: வயிறு நிறைந்து மனமும் திருப்தியடையும் சாப்பாடாக இருக்க வேண்டுமாம். டிபன் காபி கணக்கில் வராது. இரண்டு பாயசம் இருந்தால்தான் திருப்தி என்று எங்கள் செக்‌ஷனில் ஒரு தஞ்சாவூர்க்காரர் தீர்ப்பே வழங்கிவிட்டார். பிற்பாடு 2006-இல் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை வந்தது. 40 சதவீதக் கழிவு வேண்டுமானால் இன்புட் எடுக்கக் கூடாது. ஏதாவது ஒன்று. பெண்ணைப் பெற்றவருக்கு இரண்டுமே கிடையாது, அவர்தானே சங்கிலியின் கடைசிக் கண்ணி.

சேவை வரிக்கு இன்புட் முதன்முதலில் வந்த நாள் 2002 ஆகஸ்ட் 16. தேதி எனக்கு மறக்காது. 1962-இல் அதே ஆகஸ்ட் 16-இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரிக்காரனுக்கு அது ஒரு நாள்! ஆனால் கொடுத்ததைப் பாருங்கள். வாங்கும் சேவையும் விற்கும் சேவையும் ஒரே வகையாக இருந்தால்தான் வரவு. இனம் இனத்தோடு. அடையாற்றில் ஒரு விளம்பர நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வாங்குவது டெலிபோன் சேவை, விற்பது விளம்பரச் சேவை. டெலிபோன் பில்லில் கட்டிய வரிக்கு வரவு இல்லை. இன்னொரு விளம்பர நிறுவனத்திடம் விளம்பரம் வாங்கினால் உண்டு. யார் அப்படி வாங்குவார்கள்? இந்த வேடிக்கை 2003 மே 14 வரை நடந்தது. அன்று எந்தச் சேவையின் வரியையும் எந்தச் சேவைக்கும் கழிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கூடவே வரியை 5-லிருந்து 8 ஆக்கியதும் அதே நாள். அரசாங்கம் ஒரு கையால் கொடுத்தால் இன்னொரு கையைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த வருடம் ப. சிதம்பரம் பெரிய கதவைத் திறந்தார். 2004 செப்டம்பர் 10 முதல் சென்வாட் வரவு விதிகள். சரக்குக்குக் கட்டிய கலால் வரியைச் சேவை வரியில் கழிக்கலாம், சேவை வரியைக் கலால் வரியில் கழிக்கலாம். மாட்வாட் தொடங்கி 18 வருடம். பிரான்சின் 14-ஐ விட 4 அதிகம், மோசமில்லை. இதிலும் ஒரு முடிச்சு இருந்தது. சேவைக்கான பில் வந்தால் மட்டும் போதாது, பில் தொகையையும் வரியையும் கொடுத்துத் தீர்த்த பிறகுதான் வரவு எடுக்கலாம். 2011 ஏப்ரல் வரை இப்படித்தான். அதே 2011-இல் 'தொழில் தொடர்பான செயல்கள்' என்று விதியில் இருந்த பொதுவான சொற்களை எடுத்துவிட்டு, ஊழியரின் சொந்த உபயோகத்துக்கான சாப்பாடு, ஆயுள் காப்பீடு, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றுக்கும் வரவு கிடையாது என்று எழுதினார்கள். கேன்டீன் காபியைப் பற்றியே எத்தனை வழக்கு!

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது தி.நகர் கடைக்காரரைப் பற்றி. 2004-இல் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஏன் என்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

உஸ்மான் ரோட்டில் ஒரு கட்டடம். கீழே பாத்திரக்கடை, மாடியில் டுடோரியல். இரண்டு பேரும் மாதம் 1 லட்சம் வாடகை தருகிறார்கள். 2007 ஜூன் முதல் கடை வாடகைக்குச் சேவை வரி உண்டு. 2010-இல் விகிதம் 10.3 சதவீதம். ஆக மாதம் 10,300 ரூபாய், வருடத்துக்கு 1,23,600. டுடோரியல்காரர் மாணவர்களிடம் சேவை வரி வசூலிக்கிறார், அதில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறார். கீழே இருப்பவரோ பாத்திரம் விற்கிறார். அவர் வசூலிப்பது மாநில அரசின் வாட். அதில் மத்திய அரசுக்குக் கட்டிய சேவை வரியைக் கழிக்க முடியாது. ஒரே கட்டடம், ஒரே வாடகை, ஒரே வரி. மாடியில் இருப்பவருக்கு அது வரவு, கீழே இருப்பவருக்குச் செலவு. அந்தச் செலவைப் பாத்திரத்தின் விலையில் ஏற்றி, அதற்கு மேல் வாட் போட்டு நம்மிடம்தான் வாங்கினார்கள்.

குற்றம் யாருடையது என்றால், அரசியல் சட்டம் வகுத்த பங்கீடுதான் அப்படி. சரக்கு விற்பனை வரி மாநிலத்தின் பட்டியலில், சேவை மத்திய அரசிடம். இரண்டு கஜானா. ஒரு கஜானாவில் கட்டியதை இன்னொன்றில் கழித்தால் அந்தப் பணத்தை யார் தருவது? தமிழ்நாடு வாட்டுக்கே தயங்கித்தான் வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரலில் மாற, நாம் 2007 ஜனவரி 1-இல் மாறினோம். 2016-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகே பாத்திரக்கடைக்காரரால் வாடகை வரிக்கு இன்புட் எடுக்க முடிந்தது. ஜி.எஸ்.டி.யை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் இந்த ஒரு நன்மையை மறைக்கக் கூடாது.

பழைய கணக்கில் மிச்சமிருந்த சேவை வரி வரவை 'டிரான்-1' என்ற படிவத்தில் புதிய கணக்குக்கு மாற்றச் சொன்னார்கள். கெடு 2017 டிசம்பர் 27. இணையதளம் பலருக்குத் திறக்கவே இல்லை. நாடு முழுக்க வழக்குகள் குவிந்து, கடைசியில் உச்சநீதிமன்றம் 2022 ஜூலையில் மறுபடியும் திறக்கச் சொன்னது. அந்த வருடம் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் திறந்தார்கள். தங்கள் பணத்தைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள ஐந்து வருடம் காத்திருந்தவர்கள் உண்டு.

தங்கள் பணம் என்று எழுதிவிட்டேன். சண்டையே அதில்தான். இன்புட் என்பது வணிகரின் உரிமையா, அரசு காட்டும் சலுகையா? 1999-இல் ஐஷர் மோட்டார்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், முறைப்படி எடுத்த வரவு கட்டிய வரிக்குச் சமம், அதைப் பின்னால் வந்த விதியால் பறிக்க முடியாது என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன ஜெயம் அண்ட் கோ வழக்கில் 2016-இல் அதே நீதிமன்றம், வாட் சட்டத்தின் இன்புட் ஒரு சலுகை, நிபந்தனைகளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும் என்றது. 2010-இல் போட்ட நிபந்தனையை 2007-லிருந்தே செல்லும் என்று பின்னோக்கிப் பாய்ச்சியதை மட்டும் ரத்து செய்தது. பழைய கல்வி வரியின் மிச்ச வரவை ஜி.எஸ்.டி.க்குக் கொண்டுவர முடியாது என்று 2020-இல் நம் உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், சதர்லேண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருடம் அதே கோர்ட்டில் தனி நீதிபதி முடியும் என்று சொல்லியிருந்தார்.

இதைவிடச் சிறு வணிகரை அதிகம் சுடும் கேள்வி இன்னொன்று. நான் வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிவிட்டேன். விற்றவர் அந்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டாமல் விழுங்கிவிட்டார். என் இன்புட் என்ன ஆகும்? வாட் காலத்தில் வடபழனி சரகத்தைச் சேர்ந்த ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ் வழக்கில் 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம், விற்றவர் கட்டவில்லை என்பதற்காக வாங்கியவரின் வரவைத் திருப்பக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஜி.எஸ்.டி. சட்டத்தை எழுதியவர்கள் 16(2)(சி) பிரிவில் இதை நேர்மாறாக்கினார்கள். வரி உண்மையிலேயே அரசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு. 2021-இல் ரப்பர் ஷீட் வியாபாரிகள் தொடுத்த டி.ஒய். பெத்தேல் வழக்கில் மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமலேயே வாங்கியவர் மீது பாய்வது என்ன நியாயம் என்று கேட்டு அதிகாரியின் உத்தரவுகளை ரத்து செய்தது. ஆனால் சட்டப்பிரிவு அப்படியே இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பக்க மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அநியாயம். விற்றவருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கொடுத்தது அரசு. அவர் வீட்டு முகவரி அரசிடம் இருக்கிறது. பான் நம்பர் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பவும் வங்கிக் கணக்கை முடக்கவும் அதிகாரம் இருக்கிறது. லஸ் முனையில் கடை வைத்திருப்பவரிடம் இவற்றில் எது இருக்கிறது? ஒரு பில் இருக்கிறது. 1996-இல் பட்டறைக்காரரிடம் கேட்டது லாரி டிரைவரின் காகிதம். இன்று கேட்பது வேறொருவரின் நேர்மை. மோசடி பில் போடுபவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இந்தக் கடுமை என்று என் பழைய சகாக்கள் வாதாடுவார்கள். போலி பில்காரர்கள் இருப்பது உண்மை. அவர்களைப் பிடிக்கும் வேலைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

2022-இல் இன்னும் இரண்டு கட்டுகள் சேர்ந்தன. விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான் வரவு எடுக்கலாம் என்பது ஜனவரி முதல். எடுத்த பிறகும், அடுத்த செப்டம்பர் 30-க்குள் அவர் வரி கட்டும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்றால் நவம்பர் 30-க்குள் நாம் வரவைத் திருப்ப வேண்டும் என்பது டிசம்பரில் வந்த 37ஏ விதி. அவர் பின்னால் எப்போதாவது தாக்கல் செய்தால் நாம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் பிள்ளையோ மருமகளோ கடை, கம்பெனி நடத்தினால் இதைக் காட்டுங்கள். 2பி அறிக்கை மாதம் 14-ஆம் தேதி இணையதளத்தில் வந்துவிடும். ஆடிட்டருக்குக் காத்திராமல் அன்றே திறந்து, வாங்கின பில்களோடு ஒவ்வொன்றாக டிக் அடிக்கச் சொல்லுங்கள். பில் அதில் வராத சப்ளையருக்கு அன்று சாயங்காலமே போன் போட வேண்டும், அடுத்த பேமென்ட் கொடுப்பதற்கு முன்னால்.